பிள்ளையார் பால் குடித்த நாளில் எங்கள் வீட்டு அம்மிக்குழவியும் குடித்தது

"அண்ணே, உங்க காலத்துல வாட்ஸ்அப் இல்லையே, வதந்தியெல்லாம் எப்படிப் பரவுச்சு?" என்று போன வாரம் ஒரு தம்பி கேட்டார். சிரித்துவிட்டேன். தம்பி, எங்கள் காலத்தில் வதந்தி பரவ செல்போன் தேவைப்படவில்லை. பிள்ளையாரே போதும்.

1995 செப்டம்பர் 21, வியாழக்கிழமை. விடிவதற்கு முன்பே டெல்லியில் ஒரு கோயிலில் பிள்ளையார் சிலை ஸ்பூனில் நீட்டிய பாலைக் குடித்துவிட்டது என்று செய்தி கிளம்பியது. அந்த ஆண்டு ஜூலை 31இல்தான் இந்தியாவின் முதல் செல்போன் அழைப்பே பேசப்பட்டிருந்தது. ஆகஸ்ட் 15இல்தான் பொதுமக்களுக்கு இணையம் வந்திருந்தது. இரண்டும் எங்கள் ஊர்ப்பக்கம் எட்டிக்கூடப் பார்க்கவில்லை. ஆனாலும் எஸ்.டி.டி. பூத் வழியாகவே செய்தி நாடு முழுக்கப் போய், கடல் தாண்டி லண்டன் சவுத்தால் கோயில் வரை எட்டிவிட்டது. அங்கேயும் குடித்தார். விசா கேட்க யாருமில்லை. டெல்லியில் பால் விற்பனை எகிறியது. கோயில் இருந்த தெருக்களில் வண்டிகள் நகரவில்லை. விசுவ இந்து பரிஷத் 'இது அற்புதம்' என்று முத்திரை குத்தியது.

எனக்கு அன்றே ஒரு சந்தேகம். பிள்ளையாருக்குப் பிடித்தது கொழுக்கட்டை என்றுதானே இத்தனை நாளாகச் சொன்னார்கள்? அதை ஏன் ஒருவரும் நீட்டவில்லை?

நான் அப்போது எட்டாம் வகுப்பு. விழுப்புரம் பக்கத்தில் ஒரு கிராமம். பிள்ளையார் ஊரில் இருந்தார், நாங்கள் காலனியில் இருந்தோம். பள்ளிவிட்டு வந்ததும் அம்மா ஒரு தூக்கில் கொஞ்சம் பாலை ஊற்றிக் கொடுத்து, "நீயும் போய்க் குடுத்துட்டு வாடா, பரீட்சை வருதுல்ல" என்றார். போனேன். கோயில் இருக்கும் தெருமுனையிலேயே ஒரு பெரியவர் மறித்தார்.

"டேய், அங்கயே நில்லு. எங்க வர?"

"சாமி இன்னிக்கு எல்லார்கிட்டயும் குடிக்குதாமே ஐயா."

"எல்லார்கிட்டயும்னா? எல்லார்கிட்டயுமா?"

அந்தக் கேள்விக்கு இலக்கணப்படி என்ன பதில் என்று இன்றுவரை எனக்குத் தெரியவில்லை. லண்டனில் குடித்தவர் எங்கள் தூக்கைப் பார்த்ததும் வயிறு நிறைந்துவிட்டது போலும். பாலோடு திரும்பிவிட்டேன்.

அண்ணன் அப்போது கல்லூரியில் இயற்பியல் படித்துக்கொண்டிருந்தார். என் முகத்தைப் பார்த்துவிட்டு, கொல்லையில் கிடந்த அம்மிக்குழவியைக் கழுவி நிமிர்த்தி வைத்தார். ஸ்பூன் தளும்பப் பாலை எடுத்து, விளிம்பு குழவியின் ஈரமான முனையில் படும்படி லேசாகச் சாய்த்துப் பிடித்தார். ஸ்பூன் மெல்லக் காலியானது. அம்மிக்குழவி பால் குடித்தது! பாட்டி கன்னத்தில் போட்டுக்கொண்டது.

"கீழ பாரு" என்றார் அண்ணன். குழவியின் பக்கவாட்டில் பால் மெல்லிய படலமாக வழிந்து தரையில் தேங்கியிருந்தது. பரப்பு இழுவிசை. ஈரக்கல்லைத் தொட்டதும் பால் கல்லோடு ஒட்டிக்கொண்டு வெளியேறுகிறது. வெள்ளைப் பால் மெல்லிய படலமாக ஓடுவதால் கண்ணுக்குத் தெரிவதில்லை. மத்திய அறிவியல் தொழில்நுட்பத் துறையின் விஞ்ஞானிகள் டெல்லியில் இதையேதான் செய்தார்கள். பாலில் வண்ணத்தைக் கலந்து ஊட்டினார்கள். 'குடித்த' பால் சிலையின் மேலேயே வழிந்தோடியது. பரப்பு இழுவிசைக்குச் சாதி தெரியாது. காலனிக் குழவிக்கும் வேலை செய்தது.

சாயங்காலம் அண்ணன் என்னை டீக்கடைக்குக் கூட்டிப்போனார். உள்ளே பெஞ்சில் பிள்ளையார் பேச்சுதான். நாங்கள் வெளியே நின்று, எங்களுக்கென்று தனியாக வைத்திருந்த கிளாஸில் குடித்துவிட்டு, நாங்களே கழுவிக் கவிழ்த்து வைத்தோம். கருங்கல் பால் குடிக்கும் என்று காலையில் கேட்டு மதியத்துக்குள் நம்பிவிட்ட மனிதர்கள் அவர்கள். நாங்கள் குடித்த கிளாஸில் தாங்களும் குடிக்கலாம் என்பதைத்தான் அவர்களால் நம்ப முடியவில்லை.

திரும்பி வரும் வழியில் அண்ணன் கொடியன்குளம் பற்றிச் சொன்னார். மூன்று வாரத்துக்கு முன்பு, ஆகஸ்ட் 31 அன்று, இன்றைய தூத்துக்குடி மாவட்டத்தில் உள்ள அந்த ஊருக்குள் நூற்றுக்கணக்கான போலீசார் புகுந்து, தேவேந்திர குல மக்களின் வீடுகளை அடித்து நொறுக்கினார்கள். வெளிநாட்டில் உழைத்து வாங்கிய டிவி, பிள்ளைகளின் படிப்புச் சான்றிதழ் எதுவும் தப்பவில்லை. குடிநீர்க் கிணற்றில் விஷம் கலந்தார்கள் என்று ஊர் மக்கள் சொன்னார்கள். அந்த டீக்கடை பெஞ்சில் மூன்று வாரமாக இதைப் பற்றி ஒரு வார்த்தை கிடையாது. டெல்லிப் பிள்ளையாரின் பால் ஒரே பகலில் எங்கள் ஊருக்கு வந்துவிட்டது. கொடியன்குளத்துக் கிணற்றுத் தண்ணீர் வந்து சேரவே இல்லை.

அதற்குப் பிறகு 11 ஆண்டுகள் பட்டினி கிடந்த பிள்ளையார், 2006 ஆகஸ்டில் மறுபடியும் வட இந்தியாவில் பால் குடித்தார். இப்போது எல்லோர் கையிலும் போன் இருக்கிறது. 2022 டிசம்பரில் வேங்கைவயலில் ஒடுக்கப்பட்ட மக்கள் குடிக்கும் தண்ணீர்த் தொட்டியில் மலம் கலக்கப்பட்டது. அந்தச் செய்தியை எங்கள் பள்ளி நண்பர்களின் வாட்ஸ்அப் குழுவில் போட்டேன். ஒருவரும் வாய் திறக்கவில்லை. மறுநாள் காலை ஒரு நண்பன் 'இனிய காலை வணக்கம்' என்று பிள்ளையார் படம் அனுப்பினான். நாற்பது பேர் கும்பிட்டார்கள்.

ஆக தம்பி, வதந்தி எப்படிப் பரவியது என்று கேட்டீர்கள். கூடவே இன்னொன்றையும் கேளுங்கள்: இவ்வளவு வேகமான போன் இருந்தும் உங்களுக்கு வந்து சேராத செய்தி எது, அது யாரைப் பற்றியது?

எங்கள் அம்மிக்குழவி இன்னும் கொல்லையில்தான் இருக்கிறது. சந்தேகம் உள்ளவர்கள் ஸ்பூனோடு வரலாம். வந்தால் டீ குடித்துவிட்டுத்தான் போக வேண்டும். எங்கள் வீட்டில் எல்லோருக்கும் ஒரே மாதிரி கிளாஸ்தான்.