ஜிம்மிக்கு மஞ்சக்காமாலையா?

உங்க வீட்டு ஜிம்மி ரெண்டு நாளா சாப்பிடலை. பிஸ்கட்டைக் காட்டினாகூட முகத்தைத் திருப்பிக்குது. கண்ணோட வெள்ளைப் பகுதி, ஈறு, காதோட உள்பக்கம் எல்லாம் மஞ்சள். ஒண்ணுக்குப் போனா காபி கலர். பாட்டி பார்த்ததுமே சொல்லிடுவாங்க: "மஞ்சக்காமாலைடா! கீழாநெல்லியை அரைச்சு மோர்ல கலக்கிக் குடு."

பாட்டி சொல்றதுல பாதி சரி. எந்தப் பாதிங்கறதுலதான் ஜிம்மியோட உயிர் இருக்கு.

புரோகிராம் அடிக்கிறவங்களுக்கு இது ஈஸியா புரியும். மஞ்சள்ங்கறது நோய் இல்லை பாஸ், எரர் மெசேஜ். உண்ணிக் காய்ச்சல்ல ரத்தச் சிவப்பணு உடைஞ்சாலும் மஞ்சள் வரும். பித்தக் குழாய் அடைச்சாலும் வரும். ஈரலே கெட்டிருந்தாலும் வரும். நாலாவது ஆள்தான் டேஞ்சர்: எலிக்காய்ச்சல். எலி மூத்திரம் கலந்த மழைத்தண்ணியில இருந்து நாய்க்குத் தொத்தும்; நாயோட மூத்திரத்துல இருந்து உங்களுக்கும் தொத்தும். இதுக்கு உடனே ஆன்டிபயாடிக் வேணும். 'ஒரு வாரம் கீழாநெல்லி குடுத்துப் பார்ப்போம்'னு உட்கார்ந்தா, நாயும் போகும், துடைச்சு விட்டவங்களும் ஆஸ்பத்திரியில படுக்கணும். அதனால முதல்ல ரத்தப் பரிசோதனை, ஸ்கேன். கிளவுஸ் போட்டுக்கிட்டுதான் சுத்தம் பண்ணணும்.

கீழாநெல்லிக்குப் பெருமை இல்லாம இல்லை. சென்னைப் பல்கலைக்கழகத்து எஸ்.பி.தியாகராஜன் குழுவும், ஹெபடைட்டிஸ்-பி வைரஸைக் கண்டுபிடிச்சு நோபல் வாங்கின புளூம்பெர்க்கும் சேர்ந்து 1988-ல 'லான்செட்' இதழ்ல இதைப் பத்தி எழுதினாங்க. உலகமே திரும்பிப் பார்த்துச்சு. ஆனா, பின்னால நடந்த ஆய்வுகள்ல அந்த அளவு பலன் கிடைக்கலை. அதுவும் அது மனுஷங்களுக்கு வர்ற வைரஸ் சமாசாரம். ஜிம்மியோட மஞ்சளுக்கு அந்த வைரஸ் காரணமே இல்லை. மஞ்சள்தூளும் அப்படித்தான். அது பித்தத்தைத் தூண்டும். குழாய் அடைச்சிருக்கிற நாய்க்குக் குடுத்தா வம்பு. சிலிமரின்னு ஒரு மூலிகைச் சத்தை கால்நடை டாக்டர்களே துணை மருந்தா எழுதுறாங்க. அளவு அவங்க சொல்லணும், நாம இல்லை.

சரி, பாட்டி ஜெயிக்கிற இடம் எது? அடுப்படி! நோய் என்னன்னு தெரிஞ்ச பிறகு, ஈரல் நோயாளி நாய்க்கு வீட்டுச் சாப்பாடு பெரிய உதவி. குழைய வடிச்ச சோறு, தோல் நீக்கி வேகவெச்ச கோழி, முட்டை, தயிர், பனீர், கொஞ்சம் கேரட், பரங்கிக்காய். உப்பு, மசாலா கிடையாது. ஒரே வேளையா கொட்டாம, நாலஞ்சு தடவையா கொஞ்சம் கொஞ்சமா வைங்க. 'ஈரல் நோய்னா புரோட்டீனே கூடாது'ன்னு பட்டினி போடாதீங்க. ஈரல் மறுபடி வளர புரோட்டீன் வேணும். சுவத்துல தலையை முட்டிக்கிட்டு நிக்குது, சுத்திச் சுத்தி நடக்குதுன்னா விஷயம் மூளைக்குப் போயிடுச்சுன்னு அர்த்தம். அப்ப மட்டும் டாக்டர் புரோட்டீனைக் குறைப்பார், இறைச்சிக்குப் பதிலா பனீர், தயிர் பக்கம் மாத்துவார்.

கண்டிப்பா 'நோ' லிஸ்ட்: வெங்காயம், பூண்டு, திராட்சை. நமக்குப் போடுற பாராசிட்டமால். பூஞ்சை பிடிச்ச கடலை, பழைய ரொட்டி. பூஞ்சை விஷம் லேசுப்பட்டதில்லை. 2005 கடைசியில அமெரிக்காவுல அது கலந்த பாக்கெட் தீனியால நிறைய நாய்கள் செத்துப்போச்சு. அப்புறம், 'ஈரல் நோய்க்கு ஈரலே மருந்து'ன்னு கடையில வாங்கிப் போடுற பழக்கம். ஈரல்ல தாமிரம் ஜாஸ்தி. லேப்ரடார் மாதிரி சில இனங்கள்ல தாமிரம் சேர்ந்துதான் ஈரலே கெடுது!

இன்னொண்ணு: வெறும் சோறும் கோழியும் மாசக்கணக்குல போட்டா கால்சியம், துத்தநாகம் எல்லாம் குறைஞ்சிடும். மெனுவை டாக்டர்கிட்ட காட்டி ஓகே வாங்குங்க. சென்னைக்காரங்களுக்கு 1903-ல ஆரம்பிச்ச வேப்பேரி கால்நடைக் கல்லூரி இருக்கு. நாமக்கல், நெல்லை, ஒரத்தநாட்டுலயும் கால்நடைக் கல்லூரி உண்டு. வாரம் ஒருதரம் எடை, தினமும் சாப்பிட்ட அளவு, மூத்திர நிறம்... அட்டெண்டன்ஸ் மாதிரி ஒரு நோட்டுல எழுதிக்கிட்டுப் போங்க. அந்த நோட்டு டாக்டருக்குப் பாதி வேலையை மிச்சப்படுத்தும். குணமானதும் எலிக்காய்ச்சல் தடுப்பூசி பத்தியும் கேளுங்க.

ஈரல் நம்ம பசங்க மாதிரி. எத்தனை அரியர் விழுந்தாலும் வெளியில காட்டிக்காது. கடைசி நேரத்துலதான் வீட்டுக்குத் தெரியும். ஆனா, டைம் குடுத்தா திரும்பி எழுந்து பாஸாகிற குணமும் அதுக்கு இருக்கு. அந்த டைமை வாங்கித் தர்றது முதல் நாள் ரத்தப் பரிசோதனைதான். கண்ணு மஞ்சளா தெரிஞ்சா, இன்னைக்கே கிளம்புங்க ஃப்ரெண்ட்ஸ்!