உச்சிக்குழியும் ஒரு லிட்டர் தண்ணீரும்

இலக்கியம் பேசுமிடத்தில் குழந்தையின் வயிற்றுப்போக்கைப் பற்றி எழுதுவதா என்று சிலர் முகம் சுளிக்கக்கூடும். சொல்லைப் பற்றிய கவலை நமக்கு உண்டென்றால், அது சென்று சேரவேண்டிய இடங்களுள் குழந்தை மருத்துவரின் மேசையும் ஒன்று. அங்கே ஒரு சொல் பிசகினால் போவது உயிர்.

பாம்பன் தொடங்கித் தொண்டி வரையிலான நம் கரையோர ஊர்களில், கைக்குழந்தைக்கு வயிற்றால் போகிறது என்றால் வீட்டில் மூத்தவள் முதலில் தொட்டுப் பார்ப்பது தலையுச்சியைத்தான். பள்ளமாக இருந்தால், 'உச்சி விழுந்துபோச்சு' என்பாள். அதைக் கேட்டதும் படித்த மருமகள் புன்னகைப்பாள், மருத்துவர் எரிச்சலடைவார். உண்மையில் கிழவி சொன்னது பிழையற்ற மருத்துவக் குறிப்பு. மண்டையோட்டு எலும்புகள் ஒன்றுசேராத பருவத்தில், ஏறத்தாழ ஒன்றரை வயது வரை, உடலில் நீர் வற்றினால் உச்சிக்குழி உள்வாங்கும். கண் குழிவது, அழுதால் கண்ணீர் வராமை, நா வறட்சி, சிறுநீர் குறைவது, வயிற்றுத் தோலைக் கிள்ளிவிட்டால் மெல்லத் திரும்புவது ஆகியவற்றோடு சேர்த்து மருத்துவரும் இதையே தேடுகிறார்.

குறியைச் சரியாகப் படித்தவள் மருந்தில் தவறுகிறாள். நீர் வற்றியதால் குழி விழுந்தது என்பதை அவள், குழி விழுந்ததால் பேதி என்று தலைகீழாக எடுத்துக்கொள்கிறாள். ஆகவே உச்சியில் எண்ணெய் வைக்கிறாள்; குடல் தட்டுகிறாள்; தொக்கம் எடுக்க ஆள் தேடுகிறாள்; தர்காவில் தண்ணீர் ஓதி வாங்குகிறாள். எண்ணெயாலும் ஓதிய தண்ணீராலும் பெருந்தீங்கு இல்லை என்றே வைத்துக்கொள்வோம். 'வயிறு காயட்டும்' என்று பாலை நிறுத்துகிறாளே, அதுதான் கொடுமை. நீர் வற்றிய பிள்ளையிடமிருந்து இருக்கிற நீரையும் பறிப்பது அது. பல் முளைப்பதால் போகிறது, தானாக நின்றுவிடும் என்று இரண்டு நாள் காத்திருப்பதும் அப்படியே. பல் முளைப்பது பேதியை உண்டாக்குவதில்லை. அந்தப் பருவத்தில் பிள்ளை கண்டதையும் எடுத்து வாயில் வைக்கிறது, அவ்வளவுதான்.

மறுபக்கம் மருத்துவரின் மொழி. 'லூஸ் மோஷன்', 'டீஹைட்ரேஷன்', 'ஓ.ஆர்.எஸ். கொடுங்க' என்று சொல்லி அடுத்த பிள்ளையை அழைக்கிறார், வெளியே கூட்டம். தாய் தலையாட்டுகிறாள். தொக்கம் எடுத்ததாகச் சொன்னால் வசவு கிடைக்கும் என்று தெரிந்த பிறகு அவள் அதைச் சொல்வதுமில்லை. இருவரும் ஒரே பள்ளத்தைத்தான் பார்க்கிறார்கள். ஒருவர் வைத்திருக்கும் சொல் மற்றவரிடம் இல்லை.

அறிவுரை என்னவோ எளியது. ஓ.ஆர்.எஸ். பொட்டலத்தை முழுதாக ஒரு லிட்டர் நீரில் கரைத்து, ஒவ்வொரு முறை வயிற்றால் போன பின்னும், இரண்டு வயதுக்குட்பட்ட பிள்ளைக்கு 50 முதல் 100 மில்லி வரை, கரண்டியால் சிறிது சிறிதாகக் கொடுக்கவேண்டும். வாந்தி எடுத்தால் பத்து நிமிடம் பொறுத்து மீண்டும். தாய்ப்பாலை நிறுத்தவே கூடாது. கரைத்தது ஒரு நாளுக்கு மேல் ஆகாது. கூடவே ஜிங்க் மாத்திரை. பேதி நின்றாலும் பதினான்கு நாளும் கொடுக்கவேண்டும். பிள்ளை துவண்டு கிடந்தாலோ, குடிக்க மறுத்தாலோ, மலத்தில் இரத்தம் கண்டாலோ ஆசுபத்திரிக்கு ஓடவேண்டும்.

எளியதுதான். 'ஒரு லிட்டர் தண்ணீர்' என்ற இடத்தில் நம் கரை வழுக்குகிறது. இங்கே தண்ணீர் என்ற ஒரு சொல் போதாது. குடிக்க நல்ல தண்ணி, புழங்க உப்புத் தண்ணி என்று வீட்டில் இரண்டு குடங்கள் உண்டு. குழாயில் குடிநீர் வராத நாளில் தள்ளுவண்டியில் குடம் அடுக்கித் தொலைவிலிருந்து கொண்டுவந்த நல்ல தண்ணியில் ஒரு லிட்டரைப் பேதிப் பிள்ளைக்குக் கரைத்து, மிஞ்சியதை மறுநாள் கொட்டு என்றால் எந்தத் தாய்க்கும் மனம் வராது. பாதிப் பொட்டலத்தைக் கண்ணளவில் ஒரு தம்ளரில் கரைப்பாள். அல்லது உவர்நீரில் கரைப்பாள். இரண்டிலும் உப்பு மிஞ்சும். அளவான உப்பும் குளுக்கோசும் கைகோத்துக் குடற்சுவரைக் கடக்கும்போது தண்ணீரும் உடன் செல்கிறது என்பதே இம்மருந்தின் சூட்சுமம். அளவு கெட்டால் மருந்தே கேடு. 'நல்ல தண்ணி' என்ற இரு சொற்களை எந்தப் பொட்டலத்திலும் நாம் பார்த்ததில்லை.

சொல்லின் பெயரால் நடந்த வேறொரு மோசடியையும் இங்கே சொல்லவேண்டும். சர்க்கரை மிகுந்த பழச்சுவைப் பானங்கள் தம் பெயரில் 'ஓ.ஆர்.எஸ்.' என்ற மூன்றெழுத்தை ஒட்டிக்கொண்டு மருந்துக்கடைகளில் பல ஆண்டுகள் விற்கப்பட்டன. அத்தனை சர்க்கரை குடலுக்குள் நீரை இழுத்துப் பேதியை மிகுவிக்கும். ஐதராபாத்தின் குழந்தை மருத்துவர் சிவரஞ்சனி சந்தோஷ் எட்டாண்டுகள் தனியாளாகப் போராடினார். 2025 அக்டோபரில் இந்திய உணவுப் பாதுகாப்பு ஆணையம் அப்பெயரைப் பானங்களுக்குத் தடை செய்தது. ஒரு சொல்லுக்கு உரியவர் யார் என்று கேட்டு எட்டாண்டு வழக்காடிய அவரை மொழிக்காரர்களாகிய நாம் ஏன் கொண்டாடவில்லை என்று தெரியவில்லை. அதே மாதம், காஞ்சிபுரம் மாவட்டத்தில் தயாரான இருமல் மருந்தில் நச்சு வேதிப்பொருள் கலந்திருந்ததும், அதைக் குடித்த இருபதுக்கும் மேற்பட்ட குழந்தைகள் மத்தியப் பிரதேசத்தில் மாண்டதும் செய்தியாயின. இரண்டு வயதுக்குட்பட்ட பிள்ளைக்குச் சளி, இருமல் மருந்து வேண்டாம் என்று மருத்துவர்கள் சொல்வதற்கு நம்மிடம் இன்னும் காது இல்லை.

1971இல் வங்கதேசப் போரின்போது, மேற்கு வங்கத்து பன்காவ் அகதி முகாமில் காலரா பரவியது. ஏற்றுவதற்குச் சலைன் தீர்ந்துபோன நிலையில், திலீப் மகாலனாபிஸ் என்ற குழந்தை மருத்துவர் உப்பு, குளுக்கோஸ் கரைசலைப் பீப்பாய்களில் வைத்து, நோயாளியின் உறவினர் கையிலேயே குவளையைக் கொடுத்தார். முப்பது விழுக்காட்டளவில் இருந்த இறப்பு நான்குக்கும் கீழே இறங்கிற்று. 2022இல் மறைந்த அவருக்கு மறு ஆண்டு பத்ம விபூஷண் வந்தது. உயிரோடிருக்கையில் வராதது நம் வழக்கப்படிதான். காலராவுக்கு அஞ்சி இலங்கைத் தோட்டங்களுக்குச் செல்வோரைத் தடுத்துவைத்த மண்டபம் முகாம் நம் கரையில் இருக்கிறது. பின்னாளில் அங்கே தங்கியவர்கள் ஈழத்து அகதிகள். ஆகவே பன்காவ் நமக்கு அயலூர் இல்லை.

வங்கதேசத்து மக்கள் அந்தக் கரைசலை இன்றும் 'காபார் சலைன்' என்கிறார்கள்; உண்ணும் சலைன் என்று பொருள். ஊசியில் ஏறும் சலைன்மீது மக்களுக்கிருந்த மதிப்பை அந்தப் பெயர் குவளைக்கு மாற்றிக் கொடுத்தது. 1980 முதல் பத்தாண்டுகள் பிராக் என்ற தொண்டு நிறுவனத்தின் பெண் பணியாளர்கள் ஒரு கோடிக்கும் மேற்பட்ட வீடுகளுக்குச் சென்று, மூன்று விரலால் எடுத்த சிட்டிகை உப்பு, ஒரு பிடி வெல்லம், அரை சேர் தண்ணீர் என்று கற்பித்தார்கள். அளவுகோல் தாயின் கையிலேயே இருந்தது. நம்மை வியக்கவைப்பது வேறொன்று. கற்பித்தவருக்கான கூலி, பிறகு சென்று விசாரிக்கும்போது அந்தத் தாய் எவ்வளவு நினைவில் வைத்திருக்கிறாள் என்பதைப் பொறுத்தே கணக்கிடப்பட்டது. வகுப்பறைக்கு இந்த முறை வந்தால் நம்மில் பலர் பட்டினி கிடக்கவேண்டும்.

பிள்ளையை உற்றுப் பார்க்க நமக்குத் தெரியாமலில்லை. ஐந்தாம் மாதம் செங்கீரை, ஒன்பதாம் மாதம் சப்பாணி, ஓராண்டை ஒட்டி வருகை என்று பாட்டியல்கள் பிள்ளைத்தமிழுக்குச் சொல்லும் கணக்கைக் குழந்தை மருத்துவரின் வளர்ச்சி அட்டவணையோடு ஒப்பிட்டால் பெரிய வேறுபாடு தெரியாது. ஒன்பது மாதத்தில் கை கொட்டாத பிள்ளையைப் பற்றி மருத்துவர் பேச்செடுக்கையில், 'சப்பாணிப் பருவம் வந்துட்டுதா?' என்று தொடங்கினால் எந்தப் பாட்டியும் செவிகொடுப்பாள். நாமோ அப்பருவங்களைப் பத்து மதிப்பெண் வினாவாக்கி அலமாரியில் அடுக்கிவிட்டோம்.

இராமநாதபுரத்தில் 2022 முதல் அரசு மருத்துவக் கல்லூரி இருக்கிறது. மாவட்டத்தில் தமிழ்த்துறை கொண்ட கல்லூரிகளும் இருக்கின்றன. மீனவக் குப்பங்களிலும் மரைக்காயர் தெருக்களிலும் வழங்கும் பிள்ளைநோய்ச் சொற்களை நம் மாணவர்கள் ஊரூராகத் தொகுக்கட்டும். உச்சி, மாந்தம், தொக்கம், சேனை என்று ஒவ்வொன்றுக்கும் எதிரே, அதில் உண்மை எது, ஆபத்து எது என்று குழந்தை மருத்துவர்கள் எழுதட்டும். நூறு பக்கம் போதும். சேனைக்கு எதிரே, ஆறு மாதம் வரை தாய்ப்பால் அன்றித் தண்ணீர்கூட வேண்டாம் என்று வரும். உச்சிக்கு எதிரே முதல் வரி, 'பாட்டி சொல்வது சரி. உடனே குடிக்கக் கொடுங்கள்' என்று இருக்கவேண்டும். இரண்டாம் வரியில் நல்ல தண்ணி.