தூக்க மாத்திரையைக் கடையில் கேட்டு வாங்கலாமா?

"பசி ருசி அறியாது, நித்திரை சுகம் அறியாது" என்பது பழமொழி.

உழைத்துக் களைத்தவன் கட்டாந்தரையில் படுத்தாலும் தூங்கிவிடுவான். கவலை வந்தவனுக்கோ பஞ்சு மெத்தையில் படுத்தாலும் கண் மூடாது.

விருதுநகர் மாவட்டத்தில், மேற்குத் தொடர்ச்சி மலை அடிவாரத்தில் இருக்கிறது, மகாராஜபுரம். வத்திராயிருப்பை அடுத்த ஊர். சதுரகிரிக்குப் போகும் பக்தர்களுக்குத் தெரிந்த ஊர்.

மலைக் காற்று வீசும் ஊரிலும் தூக்கம் வராதவர்கள் உண்டு. மழை பொய்த்தால் விவசாயிக்குத் தூக்கம் இல்லை. மகள் கல்யாணத்துக்கு வாங்கிய கடன், தகப்பனைத் தூங்க விடாது. ராஜபாளையம் நூல் ஆலைகளில் இரவு 'ஷிப்டு' பார்ப்பவர்கள் பகலில்தான் படுக்க வேண்டும். வெயிலும் சத்தமும் அவர்களை எழுப்பிவிடும்.

இப்படித் தவிப்பவரைப் பார்த்துப் பக்கத்து வீட்டுக்காரர் சொல்வார்:

"ஒரு மாத்திரை போட்டுப் பாருங்கள், அண்ணாச்சி! படுத்ததும் தூங்கிவிடுவீர்கள்."

இரக்கப்பட்டுச் சொல்லும் வார்த்தைதான். ஆனால், ஆபத்து அங்கேதான் தொடங்குகிறது.

மாத்திரை பிறந்த கதை

1903-ம் ஆண்டில் ஜெர்மனியில் எமில் பிஷர், ஜோசப் வான் மெரிங் என்ற இருவர் ஒரு தூக்க மருந்தை உலகத்துக்குச் சொன்னார்கள். 'வெரோனால்' என்ற பெயரில் அது விற்பனைக்கு வந்தது. அந்த இனத்து மருந்துகளில் ஒரு பெரிய குறை இருந்தது. தூங்க வைக்கும் அளவுக்கும் உயிரைப் பறிக்கும் அளவுக்கும் இடைவெளி குறைவு.

பிறகு, அமெரிக்காவில் வேலை பார்த்த லியோ ஸ்டெர்ன்பாக் என்ற ரசாயன நிபுணர் வேறு வகை மருந்தைக் கண்டுபிடித்தார். பயன் இல்லை என்று பல காலம் ஒதுக்கி வைத்திருந்த ஒரு பொருளை 1957-ல் சோதித்துப் பார்த்தார்கள். அது மனப் பதற்றத்தைத் தணித்தது! 1960-ல் 'லிப்ரியம்' என்ற பெயரில் அது கடைக்கு வந்தது. 1963-ல் 'வாலியம்' வந்தது. அந்த மருந்தின் பெயர் டயஸிபாம்.

உலகமே அதை வாங்கியது. 1969 முதல் 1982 வரை அமெரிக்காவில் மிக அதிகமாக விற்ற மருந்து அதுதான். இன்று பலர் வாங்கும் அல்ப்ரசோலம், நைட்ரசிபாம், லோரசிபாம் எல்லாம் அதே குடும்பத்துப் பிள்ளைகள்தான்.

என்ன செய்கிறது?

நமது மூளையில் 'காபா' என்ற ஒரு பொருள் இருக்கிறது. அது வண்டிக்குப் 'பிரேக்' போன்றது. இந்த மாத்திரை அந்த 'பிரேக்'கை அழுத்தமாகப் பிடிக்க வைக்கிறது. பதற்றம் தணிகிறது. தூக்கம் வருகிறது.

அப்படியானால் இது கெட்ட மருந்தா? இல்லை. வலிப்பு நிற்காமல் வந்தால் டாக்டர்கள் இந்த இனத்து மருந்தைத்தான் உடனே கொடுக்கிறார்கள். ஆபரேஷனுக்கு முன்னால் நோயாளியின் பயத்தைப் போக்கவும் கொடுக்கிறார்கள். குடியை நிறுத்தியவருக்கு வரும் நடுக்கத்தை அடக்கவும் இது உதவுகிறது.

மருந்து நல்லதுதான். அதை எடுக்கும் முறைதான் தவறாகிவிடுகிறது.

விடாத பழக்கம்

சில நாட்கள் அரை மாத்திரை போதும். பிறகு அது பிடிக்காது. ஒன்று வேண்டும். பிறகு அதுவும் போதாது. சில வாரங்கள் தினமும் சாப்பிட்டாலே உடம்பு அதற்கு அடிமையாகிவிடக் கூடும்.

பயந்துபோய்த் திடீர் என்று நிறுத்தினாலும் ஆபத்து! கை நடுங்கும். பதற்றம் முன்னைவிட அதிகமாகும். இருந்த தூக்கமும் போய்விடும். சிலருக்கு வலிப்பே வந்துவிடும். அமெரிக்க அரசின் மருந்து நிர்வாகம் 2020-ம் ஆண்டில் இந்த இனத்து மருந்துகள் எல்லாவற்றுக்கும் கடுமையான எச்சரிக்கை வெளியிட்டது.

வயதானவர்களுக்கு இன்னொரு கேடு உண்டு. இரவில் எழுந்து நடக்கும்போது தள்ளாடி விழுவார்கள். இடுப்பு எலும்பு முறியும். ஞாபக மறதி வரும். மாத்திரை மயக்கத்தோடு மோட்டார் சைக்கிள் ஓட்டுவதும், எந்திரத்தின் முன் நிற்பதும் உயிரோடு விளையாடுவதாகும்.

எல்லாவற்றையும் விடக் கொடியது, மதுவோடு சேர்ப்பது. இரண்டும் சேர்ந்து மூச்சையே அடக்கிவிடும். 'பியாசா' படம் எடுத்த இந்தி நடிகர் குருதத் 1964-ம் ஆண்டு அக்டோபர் 10-ந் தேதி பம்பாயில் இறந்தார். வயது 39தான். மதுவும் தூக்க மாத்திரையும் சேர்ந்ததே அவர் சாவுக்குக் காரணமாகச் சொல்லப்பட்டது. ஒரு கலைஞனை நாடு இழந்தது.

மூலிகை என்றால் தீங்கு இல்லையா?

"ஆங்கில மருந்துதானே கெடுதல்? மூலிகை சாப்பிடலாமே!" என்று சிலர் நினைக்கிறார்கள்.

சர்ப்பகந்தா என்ற மூலிகையின் வேரை, மனக் கொந்தளிப்புக்கும் தூக்கமின்மைக்கும் நம் நாட்டு வைத்தியர்கள் நெடுங்காலமாகக் கொடுத்து வந்தார்கள். 1952-ல் அதில் இருந்து 'ரிசர்பின்' என்ற மருந்தைப் பிரித்து எடுத்தார்கள். உலகம் வியந்தது. ஆனால், அதைச் சாப்பிட்ட சிலர் மனச் சோர்வில் விழுந்ததாக டாக்டர்கள் எச்சரித்தார்கள். வேராக இருந்தாலும் மருந்து மருந்துதான். அதற்கும் அளவு உண்டு; வைத்தியர் வேண்டும்.

சட்டம் இருக்கிறது

2014-ம் ஆண்டு மார்ச் 1-ந் தேதி முதல் நாடு முழுவதும் ஒரு விதி நடைமுறையில் இருக்கிறது. டயஸிபாம், அல்ப்ரசோலம், நைட்ரசிபாம் போன்ற மாத்திரைகளை டாக்டர் சீட்டு இல்லாமல் விற்கக் கூடாது. எழுதிக் கொடுத்த டாக்டர் யார், வாங்கிய நோயாளி யார், எத்தனை மாத்திரை என்பதைக் கடைக்காரர் தனி நோட்டில் எழுத வேண்டும். அதை 3 ஆண்டுகள் பாதுகாக்க வேண்டும். அட்டையில் சிவப்புக் கட்டத்துக்குள் எச்சரிக்கை அச்சடித்திருக்கும்.

ஆனால், சட்டம் மட்டும் போதாது. தெரிந்த கடை, பழகிய முகம் என்று சீட்டு இல்லாமல் கேட்பது நாம்தான். கொடுக்காவிட்டால் கோபப்படுவதும் நாம்தான்.

சீட்டு கேட்கும் கடைக்காரர் நமக்கு விரோதி அல்ல. நம் வீட்டு உயிரைக் காப்பவர் அவர். கேட்டதும் எடுத்துக் கொடுப்பவர்தான் நமக்குக் கேடு செய்கிறார்.

வெட்கம் ஏன்?

சீட்டு வாங்கப் பலர் ஏன் போவதில்லை? "மனநல டாக்டரிடம் போனால் ஊர் என்ன சொல்லும்?" என்ற வெட்கம்தான் காரணம். காய்ச்சலுக்கு ஆஸ்பத்திரிக்குப் போக யாராவது வெட்கப்படுகிறார்களா? தூக்கம் கெடுவதும் அப்படி ஒரு நோய்தான்.

டாக்டரிடம் போனால் மாத்திரைதான் தருவார் என்பதும் இல்லை. நாள்பட்ட தூக்கமின்மைக்கு, படுக்கைப் பழக்கங்களையும் மனக் கவலையையும் மாற்றும் பேச்சு முறைச் சிகிச்சைதான் முதல் வைத்தியம். தினமும் ஒரே நேரத்தில் எழுவது, மாலைக்கு மேல் காப்பி, டீயை விடுவது, படுக்கையில் செல்போன் பார்க்காமல் இருப்பது ஆகியவையும் உதவும்.

டாக்டரிடம் போகத் தயங்குபவர்கள் 14416 என்ற எண்ணுக்குப் போன் செய்யலாம். 2022-ல் மத்திய அரசு தொடங்கிய மனநல உதவி எண் இது. தமிழிலும் பேசலாம். காசு கிடையாது. இரவு பகல் எந்த நேரமும் கூப்பிடலாம்.

இரண்டு பேச்சு வேண்டாம்

வீட்டுக்கு வீடு ஒரு முடிவு எடுக்க வேண்டும். தூக்க மாத்திரையைத் தொடங்குவதும் டாக்டர் சொல்லித்தான். நிறுத்துவதும் டாக்டர் சொல்லித்தான். ஒருவருக்குக் கொடுத்த மாத்திரையை இன்னொருவர் தொடக் கூடாது. பல மாதமாகச் சாப்பிடுகிறவர்கள் இன்றே தூக்கி எறிந்துவிடவும் கூடாது. டாக்டரிடம் சொன்னால், அளவைக் கொஞ்சம் கொஞ்சமாகக் குறைத்து நிறுத்த வழி செய்வார்.

கடனும் கவலையும் மாத்திரையால் தீருவது இல்லை. விடிந்ததும் அவை வாசலில் நிற்கும். அவற்றைச் சமாளிக்கத் தெளிந்த தலை வேண்டும். அந்தத் தலையை நாமே மயக்கத்தில் ஆழ்த்திவிடக் கூடாது!