பாரீசில் சோறு தேடியது

வெளிநாட்டுச் சுற்றுலா போய்விட்டு வருகிறவர்கள் நம் ஊரில் இரண்டு விதமாகப் பேசக் கேட்கிறேன். "அங்கே போயும் சரவண பவன் எங்கே என்றுதான் தேடினேன்" என்று கூச்சத்தோடு சொல்பவர் ஒரு வகை. "லட்சக்கணக்கில் செலவழித்துப் போய் இட்லியா தின்பது?" என்று அவரைக் கேலி செய்பவர் இன்னொரு வகை. நான் நெடுங்காலம் இரண்டாவது வகையில் இருந்தவன்.

2016-இல் நானும் மனைவியும் ஒரு சுற்றுலாக் குழுவோடு பாரீசில் மூன்று இரவுகள் தங்கினோம். நான் சிறு வயதில் புதுச்சேரியில் பிரெஞ்சு வழியில் படித்தவன். பிறகு அலுவலகக் கோப்புகளில் அந்த மொழிக்கு ஏது வேலை? ஐம்பது வருடம் கழித்து அதைப் பேச ஒரு வாய்ப்பு. குழுவுக்கு இரவுச் சாப்பாடு இந்திய ஓட்டலில் என்றார்கள். "எங்களுக்கு வேண்டாம், நாங்கள் பிரெஞ்சுச் சாப்பாடு சாப்பிட்டுக்கொள்கிறோம்" என்று வழிகாட்டியிடம் சொல்லிவிட்டேன். மனைவியை ஒரு வார்த்தை கேட்கவில்லை.

முதல் நாள் வெங்காய சூப் வரவழைத்தேன். மேலே ரொட்டியும் உருகிய சீஸும் மிதக்க, பார்க்க நன்றாகத்தான் இருந்தது. என் பிரெஞ்சைக் காட்டிக்கொள்ள, எப்படிச் செய்கிறீர்கள் என்று பரிமாறுபவரிடம் கேட்டேன். மாட்டு எலும்பை வேகவைத்த சாற்றில் என்றார். அங்கே அதுதான் வழக்கமான முறை. ஆட்டுக்கறி சாப்பிடும் என் மனைவி, மாட்டுக்கறி தொடமாட்டாள். நான் மொழிபெயர்த்ததும் கரண்டியைக் கீழே வைத்துவிட்டாள். அதற்குப் பிறகு ஆம்லெட், உருளைக்கிழங்கு வறுவல், ஆப்பிள். "எனக்குப் பசிக்கலைங்க" என்று சொல்லிக்கொண்டே இருந்தாள். நானும் நம்பினேன், நம்புவது எனக்கு வசதியாக இருந்தது.

இரண்டாம் நாள் ராத்திரி கண் விழித்துப் பார்த்தால், அறையில் விளக்குப் போடாமல், ஊரிலிருந்து கொண்டுவந்த இட்லிப் பொடியை ரொட்டியில் தடவித் தின்றுகொண்டிருந்தாள். என்னை எழுப்பவில்லை.

மறுநாள் லா ஷப்பேலுக்கு அழைத்துப் போனேன். பாரீசின் வடக்கு ரயில் நிலையத்துக்குப் பக்கம், நடந்தே போய்விடலாம். தமிழில் எழுதிய கடைப் பலகைகள், முருங்கைக்காய், கறிவேப்பிலை, புடவைக் கடை. அருகிலேயே 1985-இல் தொடங்கிய மாணிக்க விநாயகர் கோயில். ஆகஸ்டு கடைசியில் தேர் வரும்போது தெருவில் தேங்காய் உடைப்பார்கள். புதுச்சேரிக்காரர்கள் பிரெஞ்சுக் குடியுரிமை பெற்று முன்பே பாரீசுக்குப் போனவர்கள்தான். ஆனால் இந்தத் தெருவுக்கு இந்த முகத்தைக் கொடுத்தவர்கள் 1983 கலவரத்துக்குப் பிறகு வந்த ஈழத் தமிழர்கள்.

சின்ன ஓட்டல். உள்ளே கொத்து ரொட்டி தட்டும் சத்தம், அப்படியே நம் பஸ் ஸ்டாண்டு பரோட்டாக் கடைச் சத்தம். "மரக்கறிச் சாப்பாடோ அம்மா?" என்று அந்தப் பையன் கேட்டான். சோறு, பருப்பு, கத்தரிக்காய்க் குழம்பு, சம்பல், தேங்காய்ப்பாலில் சொதி. நம் ஊர்ச் சமையல் இல்லை. காரம் வேறு, புளிப்பு வேறு. ஆனால் சோறு. மனைவி மூன்று முறை வாங்கிச் சாப்பிட்டாள். சுற்றிலும் வேலை முடித்து வந்த ஆண்கள், பேசாமல் சாப்பிட்டுக்கொண்டிருந்தார்கள். பாரீசின் பெரிய ஓட்டல்களில் பாத்திரம் கழுவுவதிலும் சமைப்பதிலும் ஈழத் தமிழர்கள் எத்தனையோ பேர். நாள் முழுக்கப் பிரெஞ்சுச் சமையலறையில் நின்றவனும் சாப்பிட இங்கேதான் வருகிறான்.

அதனால் என் கருத்து மாறிவிட்டது. வெளியூரில் நம் சாப்பாட்டைத் தேடுவதில் வெட்கப்பட ஒன்றும் இல்லை. ஆனால் 'இந்திய உணவகம்' என்ற பலகையை மட்டும் நம்பிப் போகாதீர்கள். அதே பாரீசில் பிராடி சந்து என்று ஒரு இடம், வரிசையாக இந்திய, பாகிஸ்தானிய ஓட்டல்கள். அங்கே சீஸ் வைத்த நான் ரொட்டி பிரபலம். பிரெஞ்சுக்காரர்கள் விரும்பிச் சாப்பிடுகிறார்கள், அவர்களுக்காகவே உண்டான பலகாரம் அது. அதைக் குறை சொல்லமாட்டேன். கடைக்காரர் காசு கொடுப்பவரின் நாக்குக்குத்தானே சமைக்க முடியும்? எங்கள் குழுவுக்கு மூன்று இரவும் அதே பனீர், அதே கொண்டைக்கடலை, ஒரு குலாப் ஜாமூன் என்று பிறகு கேள்விப்பட்டேன். நம்மவர்கள் எங்கே சாப்பிடுகிறார்கள் என்று விசாரித்துப் போவதுதான் சரி. பக்கத்து மேசையைப் பார்த்தால் தெரிந்துவிடும்.

இதை இப்போது எழுதக் காரணம் வேறு. வேடசந்தூர்ப் பக்கம் நூற்பாலைகளில் பீகார், ஒடிசாப் பிள்ளைகள் வேலை செய்கிறார்கள். அவர்களுக்காகச் சப்பாத்தியும் உருளைக்கிழங்கும் போடும் சிறு கடைகள் வந்திருக்கின்றன. கடுகெண்ணெய் வாடை அடிக்கிறது என்று நம்மவர்கள் மூக்கைப் பிடிக்கிறார்கள். "நம்ம ஊருக்குப் பிழைக்க வந்துட்டு நம்ம சாப்பாடு இறங்கலையாம்" என்று போன வாரம் டீக்கடையில் ஒருவர் சொன்னார். திண்டுக்கல் பிரியாணியைப் பற்றி அரை மணி நேரம் பேசக்கூடிய மனிதர் அவர். நான் அவருக்கு இட்லிப் பொடிக் கதையைச் சொன்னேன். பதில் பேசாமல் டீயைக் குடித்தார்.

மனைவி அந்தப் பையனிடம் சொதிக்குப் பக்குவம் கேட்டு வந்தாள். மாதம் ஒரு முறை வீட்டில் வைக்கிறாள். எனக்கு அது இன்னும் பிடிபடவில்லை. வாயைத் திறக்காமல் சாப்பிட்டுவிடுகிறேன்.