வரி வந்தது, வகுப்பறை எங்கே?

எட்டாம் வகுப்பு வரை சட்டம் பிள்ளையின் கையைப் பிடித்து அழைத்துச் செல்கிறது. ஒன்பதாம் வகுப்பின் வாயிற்படியில் கையை விட்டுவிடுகிறது! 2010 ஏப்ரல் முதல் நடைமுறையில் இருக்கும் கல்வி உரிமைச் சட்டம் ஆறு வயது முதல் பதினான்கு வயது வரைதான் பேசும். அதற்குப் பிறகு படிப்பா, பட்டறையா என்பதைத் தீர்மானிப்பது சட்டமல்ல. தகப்பன் வாங்கும் கூலி.

நாம் மிகைப்படுத்திச் சொல்லவில்லை. டில்லி சர்க்கார் வெளியிட்ட 2024-25ஆம் ஆண்டுக் கணக்கே சொல்கிறது. ஆறு முதல் எட்டாம் வகுப்பு வரை சேர்க்கை விகிதம் 90.3, ஒன்பது முதல் பன்னிரண்டு வரை 68.5. நடுநிலை வகுப்புகளில் இடையில் நின்றோர் நூற்றுக்கு 3.5, உயர்நிலை, மேல்நிலை வகுப்புகளில் 8.2. ஏழை வீட்டுப் பிள்ளை எந்தப் படியில் இடறி விழுகிறான் என்பதற்கு வேறு சான்று வேண்டுமா?

பணம் இல்லை என்பார்கள். பணம் இல்லையா? அந்தக் கணக்கைத்தான் பார்க்கப் புறப்படுகிறோம்.

2007ஆம் ஆண்டில், உயர்நிலைக் கல்விக்கும் உயர்கல்விக்கும் என்று சொல்லி டில்லி தனியாக ஒரு செஸ் வரி போட்டது. செலுத்தும் வரியில் நூற்றுக்கு ஒரு ரூபாய் கூடுதல். வருமான வரி கட்டும் சீமான்கள் மட்டும் கொடுத்த பணம் என்று எண்ணிவிட வேண்டாம். 2015 வரை உற்பத்தி வரியோடும் அது ஒட்டிக்கொண்டிருந்தது. ஆலையில் செய்த சோப்பைக் கடையில் வாங்கிய தொழிலாளியும், தனக்குத் தெரியாமலே, ‘உயர்நிலைக் கல்விக்காக’ என்று பணம் கொடுத்தான்.

அந்தப் பணம் என்ன ஆயிற்று? 2016-17 வரை வசூலானது 83,497 கோடி ரூபாய். ஆனால் அதைப் போட்டு வைக்கத் தனி நிதியம்கூட ஏற்படுத்தப்படவில்லை. பொதுக் கருவூலத்தில் கலந்துவிட்டது. இதைச் சொன்னது எதிர்க்கட்சி மேடை அல்ல. இந்தியத் தலைமைக் கணக்குத் தணிக்கையாளரின் அறிக்கை! நிதியம் அமைக்க அமைச்சரவை ஒப்புதல் தந்தது 2017 ஆகஸ்டில். வரி போட ஒரே ஒரு பட்ஜெட் போதுமாயிருந்தது. உண்டியல் செய்யப் பத்தாண்டு பிடித்தது! அதற்கு அடுத்த ஆண்டே, 2018இல், அந்த வரி ‘சுகாதாரம் மற்றும் கல்வி’ என்ற நான்கு விழுக்காட்டு வரிக்குள் கரைக்கப்பட்டது. உயர்நிலைக் கல்வி என்ற பெயரும் போயிற்று.

“கல்விக்கு நாங்கள் செலவே செய்யவில்லையா?” என்று கேட்பார்கள். செய்தார்கள், ஆனால் எந்த அரசும் செய்தாக வேண்டிய செலவு அது. அதற்கு மேல், இந்த வரியால் எத்தனை வகுப்பறை, எத்தனை ஆய்வுக்கூடம், எத்தனை ஆசிரியர் என்று பிரித்துக் காட்டக் கணக்கு எங்கே?

செஸ் வரியின் சூட்சுமம் வேறிடத்தில் இருக்கிறது. பங்கிடத்தக்க வரிகளில் மாநிலங்களுக்கு 41 விழுக்காடு என்று பதினைந்தாம் நிதிக் குழு வகுத்தது. செஸ் வரியிலோ மாநிலங்களுக்குக் காலணாவும் கிடையாது. டில்லியின் மொத்த வரி வருவாயில் செஸ்ஸும் சர்சார்ஜும் 2011-12இல் ஏறத்தாழப் பத்தில் ஒரு பங்கு. 2020-21இல் ஏறத்தாழ ஐந்தில் ஒரு பங்கு. பங்கிட வேண்டிய பானை சுருங்க, பங்கிட வேண்டாத பானை பெருத்தது!

பள்ளியை நடத்துவது யார்? ஆசிரியருக்குச் சம்பளம் கொடுப்பது யார்? பெரும்பாலும் மாநிலங்கள். உயர்நிலைக் கல்விக்கென 2009இல் தொடங்கிய திட்டத்தில் டில்லி 75 பங்கு ஏற்றது. 2015இல் பெரும்பாலான மாநிலங்களுக்கு அது 60 ஆகக் குறைந்தது. மாநிலங்களின் வரிப்பங்கை 32இலிருந்து 42 விழுக்காடாக உயர்த்தினோமே என்று அதற்குச் சமாதானம் சொன்னார்கள். ஒரு கையால் பங்கை உயர்த்தி, மறு கையால் பங்கில் சேராத வரியை வளர்த்தால், அதற்குப் பெயர் தாராளமா?

கொடுக்கும் அறுபதும் கேள்வியின்றி வருகிறதா? 2018இல் அந்தத் திட்டமும் தொடக்கக் கல்வித் திட்டமும் ஒன்றாக்கப்பட்டன. ‘பி.எம். ஸ்ரீ’ உடன்படிக்கையில், அதன் வழியே புதிய கல்விக் கொள்கையில், கையெழுத்திட மறுத்தது தமிழ்நாடு. அந்த ஒரே காரணத்துக்காக 2024-25ஆம் ஆண்டுக்குரிய 2,152 கோடி ரூபாய் அவ்வாண்டில் நிறுத்தி வைக்கப்பட்டது. 2025 மே மாதத்தில் மாநில அரசு உச்சநீதிமன்றப் படியேற நேர்ந்தது. கொள்கையில் கருத்து வேறுபாடு இருக்கலாம்; பேசித் தீர்க்கலாம். அதற்காகப் பள்ளிப் பிள்ளையின் பங்கைப் பிணை வைப்பது எந்த நீதி?

1953இலேயே, டாக்டர் ஏ. லட்சுமணசாமி முதலியார் தலைமையிலான உயர்நிலைக் கல்விக் குழு, தொழிற்கல்வி வளரத் தொழில் நிறுவனங்கள் மீது ஒரு செஸ் வரி விதிக்கலாம் என்றது. பயன் பெறும் முதலாளி கொடுக்கட்டும் என்பது அன்றைய யோசனை. சோப்பு வாங்குகிறவன் கொடுக்கட்டும் என்பது பின்னால் வந்தவர்களின் ஏற்பாடு! தேச வருமானத்தில் ஆறு விழுக்காடு கல்விக்கு என்று 1966இல் கோத்தாரிக் குழு சொன்னது. 1968, 1986, 2020 என்று மூன்று கொள்கை அறிக்கைகளிலும் அதே ஆறு எழுதப்பட்டது. எந்த ஆண்டும் எட்டப்படவில்லை.

ஆகவே நாம் கேட்பது நான்கு. கல்வியின் பெயரால் வாங்கும் வரிக்கு ஆண்டுதோறும் தனிக் கணக்கு வேண்டும். செஸ் வருவாயில் மாநிலங்களுக்குப் பங்கு வேண்டும். கல்வி நிதிக்குக் கொள்கைக் கடிவாளம் பூட்டுவதை நிறுத்த வேண்டும். கல்வி உரிமை பன்னிரண்டாம் வகுப்பு வரை நீள வேண்டும்.

தோழர்கள் இக்கணக்கை ஆலை வாயிலிலும் தேநீர்க் கடையிலும் தெருமுனைக் கூட்டத்திலும் எடுத்துரைக்க வேண்டும். வரி கொடுத்தவன் உழைப்பாளி. படிக்க வேண்டியவன் அவன் பிள்ளை. நாம் கேட்பது சலுகை அல்ல. கொடுத்த பணத்துக்குக் கணக்கு!