அழும் குழந்தையும் அஞ்சும் தாயும்

தேர்வாய் கண்டிகையிலிருந்து கைக்குழந்தையுடன் புறப்படும் ஒரு தாய்க்கு, கவரைப்பேட்டை, செங்குன்றம் கடந்து மீனம்பாக்கம் சென்று சேர்வதே பெரும் பயணம்தான். அதன் பின்னரே விமானம். வளைகுடாவில் பணிபுரியும் கணவரிடம் முதன்முறையாகப் பிள்ளையைக் கொண்டு செல்லும் நம் சகோதரிகள் பலர் விமானத்திற்கு அஞ்சுவதில்லை. பிள்ளை அழுதால் மற்றவர்கள் என்ன நினைப்பார்களோ என்றே அஞ்சுகிறார்கள். அந்த அச்சம் தேவையற்றது என்பதே நமது கருத்து.

தொழுகையை நீட்ட எண்ணி நின்ற நபி (ஸல்) அவர்கள், குழந்தையின் அழுகுரல் கேட்டதும் அதன் தாய் படும் வேதனையை எண்ணித் தொழுகையைச் சுருக்கினார்கள். பேத்தி உமாமாவைச் சுமந்தபடியே தொழுதார்கள். ஸஜ்தாவின்போது இறக்கிவிட்டு, எழும்போது மீண்டும் தூக்கிக்கொண்டார்கள். இறைவன் முன் நிற்கும் வேளையிலேயே குழந்தைக்கு இடமிருந்தது. சில மணி நேர விமானப் பயணத்தில் மட்டும் இல்லாமற் போகுமா?

அழுகைக்குக் காரணமும் உண்டு. விமானம் ஏறும்போதும் இறங்கும்போதும் காற்றழுத்தம் மாறுவதால் காது அடைக்கிறது. விழுங்கும்போது நடுச்செவிக்கும் தொண்டைக்கும் இடையிலுள்ள குழாய் திறந்து அழுத்தம் சமனாகிறது. ஆகவே அவ்விரு வேளைகளிலும் பாலூட்டுவது நலம். சன்னலோர இருக்கையும் துப்பட்டாவும் போதிய மறைப்பாகும். பாதுகாப்புச் சோதனையில் 100 மில்லி கட்டுப்பாடு குழந்தையின் பாலுக்குப் பொருந்தாது. பயணத்துக்கு வேண்டிய அளவு எடுத்துச் செல்லலாம். 2 வயது நிறையாத குழந்தை தாயின் மடியில் அமரலாம் என்றாலும், வெளிநாடு செல்ல அதற்கும் தனிக் கடவுச்சீட்டு வேண்டும். சளியோ காதுவலியோ இருந்தால் மருத்துவரைக் கேட்ட பின்னரே புறப்பட வேண்டும். நான்கு ரக்அத்களை இரண்டாகச் சுருக்கித் தொழும் சலுகை பயணிக்கு உண்டு. அதைத் தயங்காமல் ஏற்றுக்கொள்ளலாம்.

இவை தாய்மார்களுக்கு. மற்றவர்களுக்கும் கடமை உண்டு. உடன் செல்லும் கணவர் கைப்பேசியில் மூழ்கியிருக்க, மனைவி மட்டும் பிள்ளையையும் பையையும் சுமப்பது சுன்னத்தான வழியன்று. தனியே வரும் தாயின் பெட்டியை மேலே தூக்கி வைப்பதற்கும், அழும் பிள்ளையைக் கண்டு முகம் சுளிக்காமல் இருப்பதற்கும் நமக்குப் பெரும் முயற்சி தேவையில்லை. அக்குழந்தை எம்மதத்தைச் சேர்ந்ததாயினும் சரியே.

பள்ளிவாசலில் பிள்ளை அழுதால் திரும்பிப் பார்த்து முறைக்கும் வழக்கம் நம்மில் சிலரிடம் இன்னும் உள்ளது. விமானத்தில் தாய்மார்கள் அஞ்சும் பார்வையும் அதுவே. மாற்றத்தை நம் பள்ளிவாசலிலிருந்தே தொடங்குவோம்.