கடிகாரம் பார்க்க நான் இருக்கிறேன்!



என் நாத்தனார் பாரதி மகளிர் கல்லூரியில் பி.காம். இரண்டாம் ஆண்டு படிக்கிறாள். மூன்று மாதம் முன்பு, "அண்ணி, எம்.பி.ஏ. படிக்க ‘கேட்’ பரீட்சை எழுதப் போறேன்" என்றாள். உடனே மாமியார், "அதெல்லாம் அடையாறு பக்கத்துப் பிள்ளைங்களுக்கு. நல்ல வரன் வந்தா முடிச்சிடலாம்" என்று சொல்லிவிட்டார். துறைமுகத்தில் லாரி ஓட்டும் என் கணவர் வாயே திறக்கவில்லை.

பயிற்சி நிலையம் ஒன்றில் விசாரித்தோம். கட்டணத்தைக் கேட்டதுமே படியிறங்கி வந்துவிட்டோம். பழைய புத்தகக் கடையில் ஒரு புத்தகம் வாங்கி, பத்தாவது படித்த நானே பக்கத்தில் உட்கார்ந்தேன். பிரித்தால், வட்டி, லாப நஷ்டம், விகிதம்! நாம் பள்ளியில் போட்ட கணக்குதான், சுற்றி வளைத்துக் கேட்கிறார்கள். ஏலச்சீட்டுத் தள்ளுபடியை மனசுக்குள்ளேயே போடுகிறவர்கள்தானே நாம்?

பரீட்சை இரண்டு மணி நேரம். மூன்று பகுதி, ஒவ்வொன்றுக்கும் 40 நிமிடம். சரியான விடைக்கு 3 மதிப்பெண். விடையைத் தேர்ந்தெடுக்கும் கேள்வியில் தப்பு செய்தால் 1 போய்விடும். தெரியாததை விட்டுவிடவும் பழக வேண்டும். உலை வைத்துவிட்டு நான் கடிகாரம் பார்ப்பேன், அவள் எழுதுவாள்.

இங்கிலீஷ்தான் பயம். தமிழ் மீடியத்தில் படித்தவள். நூலகத்தில் தினம் ஒரு இங்கிலீஷ் தலையங்கம் படிக்கிறாள். முதலில் முக்கால் மணி நேரம் ஆனது, இப்போது இருபது நிமிஷம்.

மடிப்பாக்கத்தில் இட்லி விற்ற தாயின் மகன் சரத்பாபு அகமதாபாத் ஐ.ஐ.எம்.மில் படித்து, 2006-ல் சொந்தமாக உணவுத் தொழில் தொடங்கியதை மாமியாரிடம் சொன்னேன். "அந்தம்மா பெத்த பிள்ளைக்குச் செஞ்சா. நீ நாத்தனாருக்குச் செய்யறே" என்றார். திட்டினாரா, மெச்சினாரா, இன்றுவரை புரியவில்லை!

விண்ணப்பக் கட்டணம் 2025-ல் 2,600 ரூபாய், எஸ்.சி., எஸ்.டி. பிரிவினருக்கும் மாற்றுத்திறனாளிகளுக்கும் 1,300. சிறுவாட்டில் சேர்க்கிறேன். இது கைகூடாவிட்டால் அண்ணா பல்கலைக்கழகத்தின் ‘டான்செட்’ இருக்கிறது.

உங்கள் வீட்டிலும் இப்படி ஒருத்தி இருந்தால், பணம் இல்லாவிட்டாலும் பரவாயில்லை. சாயங்காலம் ஒரு மணி நேரம் அவள் பங்கு அடுப்படி வேலையை நீங்கள் பாருங்கள்.

கடைசி வருஷம் படிக்கும்போதே இந்தப் பரீட்சையை எழுதலாம். தையில் பெண் பார்க்க வருவதாகச் சொல்லியிருக்கிறார்கள். "அடுத்த வருஷம் நவம்பர் வரைக்கும் பொறுங்க அத்தை" என்று கேட்டிருக்கிறேன். இன்னும் பதில் இல்லை.

- ஒரு வாசகி, திருவொற்றியூர்